ஒரே பக்கத்தில் இரண்டு கண்

நாலு வரி போதும் என்றீர்கள். நம் பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஒவ்வொருத்தியின் கைவேலைக்குக் கீழேயும் ஒரு சீட்டு ஒட்டப் போகிறோமாம். அதில் பெயர், அதற்குக் கீழே ‘நான் வேலை செய்யும் விதம்’ என்று நாலு வரி. நம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டது நம் வகுப்புத் தலைவி. அன்றைக்கும் அவளுக்கு அதிகாரம்தான், இன்றைக்கும் அதிகாரம்தான். சீட்டின் அளவைக்கூட ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

நானும் இரண்டு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நாலு வரியில் அடங்க மாட்டேன் என்கிறது. அதனால் முழுசாகவே எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். அறுபதைத் தாண்டியாயிற்று, நமக்கு இனி என்ன தலைபோகிற வேலை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தையலைப் பார்க்கிறவர்கள் எல்லாம், “உனக்கு எவ்வளவு பொறுமைடி” என்கிறீர்கள். கேட்கும்போதே எனக்கு எரிச்சலாக வரும். பொறுமையா, எனக்கா? என் மருமகளைக் கேட்டுப் பாருங்கள். பால் பொங்குகிற வரைக்கும் அடுப்படியில் நிற்க மாட்டேன். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் டைம் கீப்பரிடம் சண்டைக்குப் போவேன். எனக்கு இருப்பது பிடிவாதம். ஊசியை எடுத்துவிட்டால் அந்தத் துணி என் சொல்பேச்சைக் கேட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

நான் வரைந்து வைத்துக்கொண்டு போடுவதில்லை. கட்டம் போட்ட தாளும் கிடையாது. கேன்வாஸ் துணியையும் உல்லன் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கீழ் மூலையிலிருந்து தரையைத்தான் முதலில் போடுவேன். தரை என்றால் பின்னணி. பூவோ பறவையோ எதுவானாலும் அதை நேராகத் தொட மாட்டேன். சுற்றிலும் நிரப்பிக்கொண்டே வந்தால் நடுவில் மிச்சமிருக்கிற வெற்றுத் துணி தானாக உருவம் எடுத்து நிற்கும். ரஞ்சன்குடிக் கோட்டையைப் போட்டேனே, அதில் வானத்தை முடிக்கவே நாலு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் என் வீட்டுக்காரர், “என்னத்துக்கு இவ்வளவு பெரிய நீலத் துணி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், எல்லாமே இடது கையில்தான் போடுவேன். எந்த உருவமானாலும் அதன் கண்ணைக் கடைசித் தையலாக வைப்பேன்.

இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. நாம் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறுக்குப் போவதற்கு முந்தின கோடை விடுமுறையில் வந்தது. அந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும், நான் பிறவியிலேயே இடது கைக்காரி. ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டி எழுதுகிற கையை மாற்றிவிட்டார். எழுத்து மட்டும்தான் மாறியது. சாப்பிடுவது, தலை வாருவது, மாங்காய்க்குக் கல் விடுவது எல்லாம் இடதுதான். “நொட்டாங்கை நொட்டாங்கை” என்று நீங்கள் கூப்பிட்டதை நான் மறக்கவில்லை. முன்வரிசையில் நின்று கூப்பிட்டவள்தான் இப்போது சீட்டு அளவு அனுப்பியிருக்கிறாள்.

அப்பா பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் வேலை பார்த்தார். அவர் சட்டையில் எப்போதும் சாக்கு வாசனையும் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசனையும் இருக்கும். நல்ல மனுஷர். சாயங்காலம் வரும்போது பொட்டலத்தில் பொரிகடலை இல்லாமல் வரமாட்டார். அந்தச் சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் நான் சாப்பிடுவதைப் பார்த்து எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து என் இடது கையை விரலோடு சேர்த்துச் சுற்றி, மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். பார்சலுக்குப் போடுகிற முடிச்சு. லாரியில் நூறு மைல் குலுங்கினாலும் அவிழாது என்று அவர் பெருமையாகச் சொல்லும் முடிச்சு.

“பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். பொட்டப்புள்ள, நாளைக்கு நாலு பேருக்குப் பரிமாறணும்ல? போற வூட்டுல உன்னைய சொல்ல மாட்டாங்க, என்னையத்தான் சொல்லுவாங்க.”

“அவுத்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன். வாய்க்கு அப்போதே குறைச்சல் இல்லை.

“அந்தக் கையில எதையாச்சும் தொட்டேன்னு தெரிஞ்சுது, ஆறாம் வகுப்பு கிடையாது. வூட்டோட இருக்க வேண்டியதுதான்.”

அப்பா சும்மா மிரட்டுகிறவர் இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணை அப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள். நீங்களெல்லாம் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக, நான் கதவோரம் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். காலையில் கட்டுவார், குளிக்கும்போது அம்மா அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவார். வலது கையால் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி பாவாடையில் விழும். கட்டுக்குள்ளே விரல்கள் வேர்த்து வெளுத்துப்போய்க் கிடக்கும்.

எங்கள் வீட்டில் அப்போது சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குப் போக்கிடம் எங்கள் வீடுதான். சைக்கிள் விடுவாள், ரேடியோப் பாட்டோடு சேர்ந்து கத்திப் பாடுவாள், ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். அரியலூரிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம். மாப்பிள்ளையை வளர்த்தது அவருடைய பெரியம்மா, அந்த அம்மா ஒரு தையல் டீச்சர். “பொண்ணு கைவேலை தெரிஞ்சவளா இருக்கணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வைகாசியில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிற வீட்டுச் சுவரில் ஒரு கிளியோ வாத்தோ தொங்கும். அதைக் காட்டி, “எல்லாம் பொண்ணு போட்டது” என்பார்கள். எங்கள் சுவரில் காலண்டர்தான் தொங்கியது. அம்மா ஓடிப்போய் கடைத்தெருவில் ஒன்றரை முழம் மேட்டித் துணி வாங்கிவந்தாள். கட்டம் கட்டமாக ஓட்டை தெரியும் துணி. ஒரு பிஸ்கட் டின் நிறைய நூல்கண்டு, முனை மழுங்கின ஊசி, ஒரு படம். படத்தில் பக்கவாட்டில் திரும்பின கிளி, மாதுளங்கிளை, கீழே ‘நல்வரவு’.

சித்தி முதல் நாளே இரண்டு வரி போட்டுவிட்டு ஊசியை வீசி எறிந்தாள்.

“ஒண்ணு ரெண்டுன்னு ஓட்டையை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க நான் என்ன பைத்தியமாடி? எண்ணி முடிக்கறதுக்குள்ள கெழவி ஆயிடுவேன்.”

நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒரு தையல் என்பது ஒரு பெருக்கல் குறி. முதலில் ஒரு சாய்வு, அதன் மேல் குறுக்கே இன்னொரு சாய்வு. மேலே கிடக்கிற நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, துணி முழுக்க அந்தப் பக்கமே சாய வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் பல் இளிக்கும். சித்தி வலது கையால் போட்டது வலது பக்கம் சாய்ந்தது. எதிரே இருந்து பார்த்த எனக்கு எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான் மனசில் ஏறியது. அதை இடது கையால் எப்படிப் போடுவது என்று கட்டுக்குள்ளேயே விரலை அசைத்து அசைத்துப் பார்த்தேன். அது வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மாவும் சித்தியும் தூங்கும்போது பல்லால் கடித்துக் கட்டை அவிழ்த்தேன். அப்பாவின் முடிச்சு லாரியைத் தாங்கும், என் பல்லைத் தாங்கவில்லை. துணியை எடுத்து, திருட்டுத்தனம்தானே, யார் கண்ணிலும் படாத கீழ் மூலையில் வெறும் தரையாகப் பத்துத் தையல் போட்டேன். கைவிரல் எல்லாம் சிலிர்த்தது. அவர்கள் எழுவதற்குள் கட்டை மறுபடி சுற்றி, முனையைப் பல்லால் இழுத்து உள்ளே செருகிக்கொண்டேன். மூன்று நாளில் மூலை நிறைந்து இரண்டு விரல்கடை மேலே ஏறிவிட்டது. கிளியைத் தொட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தரையாகவே போட்டுக்கொண்டு போனேன். இன்றைக்கும் நான் தரையிலிருந்து ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம். பெரிய தத்துவமெல்லாம் கிடையாது.

நாலாம் நாள் தலை நிமிர்ந்தால் எதிரே சித்தி நிற்கிறாள்.

“நீதானா? நான் தூக்கத்துல போட்டுட்டேனோன்னு நெனைச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்பாகிட்ட சொல்லாத சித்தி. என்னைய ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாரு.”

சித்தி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டு அழுத்தின தடம் மணிக்கட்டில் சிவந்திருந்தது. “நான் ஏன்டி சொல்றேன்? நீ போடு. நான் போட்டேன்னு சொல்லிக்கிறேன். எனக்கும் சனியன் விட்டுச்சு.” அப்புறம் அந்த வேட்டிக் கரையை எடுத்துக் கட்டப் பார்த்தாள். மூன்று தடவை தப்பாகவே வந்தது. “என்னடி இது, உங்கப்பா முடிச்சையே தலைகீழால்ல போடுறாரு!” என்று திட்டிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கட்டிப் பழகினாள். ஒரு வாரத்தில் அப்பாவே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத மாதிரி கட்டக் கற்றுக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டரை மணி நேரம் என் கை எனக்கு. முதல் காரியமாகச் சித்தி போட்டிருந்த இரண்டு வரியையும் பிரித்து எறிந்தேன். “ஏன்டி, இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள். “சாய்வு மாறுது சித்தி, அசிங்கமா இருக்கு” என்றேன். பத்து வயசில் எனக்கு எவ்வளவு திமிர் பாருங்கள். அவள் சிரித்துக்கொண்டு தலைமாட்டில் ரேடியோவை மெதுவாக வைத்துக் கேட்பாள். அம்மா எழுந்து வருகிற சத்தம் கேட்டால் துணி அவள் மடிக்கும் கட்டு என் கைக்கும் போய்விடும்.

பச்சை நூல் பாதியில் தீர்ந்தது. கடையில் அதே பச்சை இல்லை, கொஞ்சம் மஞ்சள் அடித்த பச்சைதான் இருந்தது. சித்தி, “போச்சுடா” என்றாள். நான் போட்டிருந்த பச்சையில் ஒன்றுவிட்டு ஒன்று பிரித்து, இரண்டு பச்சையையும் கலந்து போட்டேன். வெயிலில் உட்கார்ந்த கிளிபோல ஆகிவிட்டது அது. கையில் இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும், ஆனால் ஒப்பேற்றினதாகத் தெரியக் கூடாது. என் வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் அதுதான். அதையும் அப்போதே கற்றுக்கொண்டாயிற்று.

அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கண் மட்டும் பாக்கி. தலையில் ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. கறுப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி, அரை நிமிஷ வேலை. நான் போடவில்லை.

“போட்டு முடியேன்டி” என்று சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். கண்ணை வைத்துவிட்டால் கிளி முடிந்துவிடும். கிளி முடிந்துவிட்டால் மத்தியானத்தில் கட்டை அவிழ்க்க என்ன காரணம் இருக்கிறது? அந்த ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு மூன்று மத்தியானம் ஓட்டினேன். கடைசி நாள் மத்தியானம் போட்டுவிடுவது என்று முடிவு. அவர்கள் சாயங்காலம்தானே வருகிறார்கள்.

அவர்கள் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அம்மா துணியை ஒரு அட்டையில் வைத்து ஊசி குத்தி ஸ்டூலின் மேல் சாய்த்து வைத்தாள். கண் இல்லாததை அவள் கவனிக்கவே இல்லை. நான் கட்டின கையோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவு இடுக்கில் எனக்குக் கிளி மட்டும்தான் தெரிந்தது. குருட்டுக் கிளி.

சித்தி காபி கொடுத்தாள். கேசரியும் மிக்சரும் வைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா எதையும் தொடவில்லை. ஸ்டூல் மேலிருந்த அட்டையை எடுத்தாள். பைக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள்.

“யாரு போட்டது இது?”

“எங்க தங்கச்சிதாங்க. எந்நேரமும் கையில ஊசிதாங்க” என்றாள் அம்மா.

பெரியம்மா தையலின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். “நல்லா போட்டிருக்கு. ஏம்மா, உனக்கு எடது கையா?”

அப்பாதான் முந்திக்கொண்டார். “சேச்சே! எங்க வூட்டுல பீச்சாங்கைக்காரங்களே கெடையாதுங்க.”

“நான் எத்தனை வருசமா புள்ளைங்களுக்குத் தையல் சொல்லிக் குடுக்கிறேன், எனக்குத் தெரியாதா சார்? மேல் நூல் அம்புட்டும் எடது பக்கம் சாஞ்சு கெடக்கு. வலது கையில போட்டா இப்படி விழாது. பொண்ணு போட்டதுன்னா பொண்ணு எடது கை. இல்லேன்னா வேற யாரோ போட்டது. எதுன்னு சொல்லிடுங்க.”

அப்பாவின் முகம் மெதுவாகச் சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பியது. போச்சு, பள்ளிக்கூடம் போச்சு என்று நினைத்தேன்.

“நான்தாங்க போட்டேன்” என்றாள் சித்தி. “எனக்கு எடது கைதாங்க. வெளிய தெரியாம பழகிக்கிட்டேன்.”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பீச்சாங்கைக்காரி என்று தானே சொல்லிக்கொள்கிற பெண்ணை அன்றைக்கு யார் எடுப்பார்கள்? ஆனால் அந்த அம்மா அதோடு விடவில்லை. “பரவாயில்லம்மா. கண்ணு ஒண்ணு பாக்கி இருக்கு பாரு. போடு, பாப்போம்.”

சித்தி பிஸ்கட் டின்னிலிருந்து ஊசியை எடுத்தாள். இடது கையில் எடுத்தாள். நூல் கோத்தாள், கை ஆடியது. வெற்றுக் கட்டம் ஒன்றுதான் இருந்தது, சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அவள் ஊசி அந்த ஓட்டையைத் தாண்டி இரண்டு கட்டம் தள்ளி, மூக்குக்குப் பக்கத்தில், நான் போட்ட பச்சையின் மேலேயே இறங்கியது. ஒரு சாய்வு. அதன் மேல் இன்னொரு சாய்வு.

அப்போது நான் சித்தியைக் காப்பாற்றத்தான் ஓடினேன் என்று இதுவரைக்கும் என் பிள்ளைகளிடம் கதை விட்டிருக்கிறேன். உங்களிடம் என்ன பொய்? எனக்குச் சித்தியும் தெரியவில்லை, சம்பந்தமும் தெரியவில்லை, ஆறாம் வகுப்பும் தெரியவில்லை. என் கிளியை ஒருத்தி நாசம் பண்ணுகிறாள், அது மட்டும்தான் தெரிந்தது.

“ஐயோ, அது கண்ணு இல்ல! அது மூக்கு! குடு இங்க!” என்று கத்திக்கொண்டு நடு வீட்டுக்கு ஓடினேன். எல்லோர் முன்னாலும் பல்லால் கடித்து இழுத்துக் கட்டை அவிழ்த்துப் போட்டேன். சித்தி கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி, வெள்ளைக் கட்டத்தில் இடது கையால் கண்ணை வைத்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கிளி பார்த்தது.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். “கை நல்ல கைதான். பொய்தான் நல்லா இல்லை” என்றாள். அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள். கேசரி அப்படியே இருந்தது.

அம்மா என்னை அறைந்தாள். ஒரு அறை இல்லை. சாகிற வரைக்கும், “உன் பீச்சாங்கையாலதான் அந்த நல்ல எடம் போச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் துணியை அன்றைக்கே சுருட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டாள். சித்தி போட்ட அந்தத் தப்புத் தையலைப் பிரிக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

அப்பா கீழே கிடந்த வேட்டிக் கரையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் நானாகவே கையை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். பார்க்காத மாதிரி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அவர்தான் கொண்டுவந்து விட்டார். வாசல் வரைக்கும் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த முடிச்சு ஏன் தலைகீழாக இருந்தது என்று எனக்கு ஐம்பது வயசுக்கு மேல்தான் உறைத்தது. வலது கைக்காரர் யாரும் அப்படித் திருப்பிப் போட மாட்டார்கள். அவருக்கும் யாரோ எப்போதோ கையைக் கட்டியிருக்க வேண்டும். கேட்பதற்கு அவர் இல்லை. பாவம், தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் எனக்கும் செய்திருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்துச் சித்திக்கு கங்கைகொண்ட சோழபுரத்தில் கல்யாணம் ஆயிற்று. முந்திரித் தோப்பு வைத்திருந்தவர். டிரங்குப் பெட்டி அவளோடு போனது. அங்கே போய்ச் சேர்ந்த மாதமே அந்தத் துணிக்குக் கண்ணாடி போட்டு வாசல் நிலைக்கு மேலே மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு எப்போது போனாலும் எனக்கு நிம்மதி கிடையாது. கிளிக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கண். அங்கே வருகிறவர்கள், “அது என்ன, மச்சமா?” என்று கேட்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். எத்தனையோ வீட்டுச் சுவர்களில் என் வேலை தொங்குகிறது, ஒன்றிலும் ஒரு தையல் பிசகு இருக்காது. முதல் வேலையில், அதுவும் ஊரே பார்க்கிற நிலைக்கு மேலே, இந்தக் கரும்புள்ளி. என்றைக்காவது கண்ணாடியைக் கழற்றி அதைப் பிரித்தே தீருவேன் என்று வைராக்கியமாக இருந்தேன்.

நம் கண்காட்சி அதற்கு வழி பண்ணியது. என் முதல் வேலையைத்தான் வைக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, போன வியாழக்கிழமை கிளம்பினேன். பையில் சின்னக் கத்தரி, ஊசி, பூதக்கண்ணாடி, ஒரு கண்டு பச்சை. அரியலூர் வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்தது. ஜெயங்கொண்டத்தில் டவுன் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

சித்திக்கு இப்போது முழங்கால் வலி, நடை குறைந்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. “வாடி நொட்டாங்கை” என்றாள். அவள் மகன் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டான். நான் பின்னால் ஆணியை நெம்பி, கண்ணாடியை எடுத்து, துணியை மடியில் விரித்தேன். இத்தனை வருஷம் கழித்து அதைத் தொடுகிறேன். இரண்டு பச்சையும் அப்படியே இருந்தன. கத்தரியை எடுத்தேன்.

“என்னடி பண்ணப் போற?”

“உன் தப்பைப் பிரிக்கப் போறேன் சித்தி. எத்தனை வருசமா காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?”

“கைய எடு.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நிமிர்ந்தேன். இல்லை, முகம் சிவந்திருந்தது.

“நான் போட்டதையெல்லாம் அன்னிக்கே பிரிச்சுத் தூக்கிப் போட்டுட்ட. நான் போட்டதுன்னு இந்த உலகத்துல இருக்கறது இது ஒண்ணுதான்டி. இதையுமா?”

கத்தரியைக் கீழே வைத்தேன். பேச்சை மாற்றுகிற மாதிரி, “என்னால உனக்கு அந்த அரியலூர் எடம் போச்சே சித்தி” என்றேன். இதை நான் அவளிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

“நல்லா போச்சு போ! அந்தம்மா வூட்டுக்குப் போயிருந்தா நான் ஆயுசுக்கும் ஓட்டையை எண்ணிக்கிட்டுல்ல உக்காந்திருக்கணும்? அந்த எடம் கைவிட்டுப் போகும்னு தெரிஞ்சுதான்டி எடது கைன்னு சொன்னேன். நீ ஸ்கூலுக்குப் போகணும்ல?”

அப்புறம்தான் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தத் தையலைப் பார்த்தேன். வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கையில் அது வெறும் கறுப்புப் புள்ளி. பக்கத்தில் பார்த்தால், மேலே கிடக்கிற நூல் இடது பக்கம் சாய்ந்திருந்தது. என்னுடையதைப் போலவே. வலது கைக்காரி, எண்ணவே பொறுக்காதவள், அத்தனை பேர் பார்க்க, நடுங்குகிற கையில், என் சாய்வை மாற்றாமல் போட்டிருக்கிறாள். இடம்தான் தப்பு. தையல் தப்பில்லை. நான் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள், “சீ, கெழவி!” என்று என் தலையில் குட்டினாள்.

கத்தரியைப் பைக்குள் போட்டுவிட்டேன். கிளி இரண்டு கண்ணோடுதான் கண்காட்சிக்கு வருகிறது. வந்து பார்க்கிறவர்கள் மச்சமா என்று கேட்டால் கேட்கட்டும், நான் பக்கத்திலேயே நின்று பதில் சொல்கிறேன்.

இப்போது சீட்டுக்கு வருவோம். ‘போட்டவர் பெயர்’ என்று ஒரு வரிதான் விட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு பெயர் எழுத வேண்டும். முதலில் சித்தி பெயர், அதன் கீழே என் பெயர், இரண்டும் ஒரே அளவு எழுத்தில். ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான், அதுதான் விதி என்று வகுப்புத் தலைவி சொல்லுவாள். சொல்லட்டும். நான் எழுதாமல் விடப் போவதில்லை.

சீட்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள்டி.